பயிருக்கு ஓர் ஆண்டு: யார் செலவு, யார் வரவு?

கேள்வி இது: "சிறுதானிய ஆண்டு, பருப்பு ஆண்டு, உருளைக்கிழங்கு நாள், தேயிலை நாள் என்று ஐநா அறிவித்துக்கொண்டே போகிறது. ஆகும் செலவுக்குப் பலன் இருக்கிறதா, வெறும் விழாதானா? நம் பனைக்கும் இப்படி ஓர் ஆண்டு கேட்டால் என்ன?"

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அது சின்னக் கணக்கு. இந்த ஆண்டுகளுக்கு ஐநா தன் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து காசு எடுத்து வைப்பதில்லை. நடவடிக்கைகளுக்கு ஆகும் செலவைத் தன்னார்வ நன்கொடையிலிருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஆக, கேட்ட நாடும் அதன் கூட்டாளிகளும்தான் பையைத் திறக்க வேண்டும். 2008 உருளைக்கிழங்கு ஆண்டைக் கேட்டது பெரு. கினோவா என்ற தென் அமெரிக்கத் தானியத்துக்கு 2013ஐக் கேட்டது பொலிவியா. 2016 பருப்பு ஆண்டுக்கு முன்நின்றவை துருக்கியும் பாகிஸ்தானும். 2023 சிறுதானிய ஆண்டு இந்தியா கொண்டுவந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரிக்க, 2021 மார்ச்சில் பொதுச்சபை ஏற்றது. யார் கேட்டார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். விளைவிக்கிற நாடு கேட்கிறது, விற்க வேண்டியிருப்பதால் கேட்கிறது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் உலகம் திடீரென்று கண்விழித்து ஒரு தானியத்தைத் தேடி வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் அறிவிப்பால் கேட்பவர் கூட்டம் ஓராண்டில் பெருகிவிடும். விதை, ஆலை, கிடங்கு, அரசுக் கொள்முதல் இவை ஓராண்டில் வராது. இந்த இடைவெளியில் விலை ஏறும், அப்புறம் விழும். ஏறும்போது யார் கையில் சரக்கு இருந்தது, விழும்போது யார் கையில் இருந்தது என்பதுதான் உண்மையான வரவு செலவுக் கணக்கு.

கினோவாவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் முழுச் சுற்றும் முடிந்துபோன கதை அது. ஆண்டிஸ் மலையில், கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில், உறைபனியும் உவர் மண்ணுமாக இருக்கிற மேட்டுநிலத்தில் விளையும் தானியம். பொலிவியாவின் உயுனி உப்புப் பாலைவனத்தைச் சுற்றி விளைவதுதான் உயர்ரகம். அங்கே பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. மலைச்சரிவில் கையால் கினோவா விதைப்பார்கள், சமவெளியில் லாமா என்ற மலைநாட்டுக் கால்நடை மேயும், லாமா எரு சரிவுக்குப் போகும். ஏற்றுமதி விலை ஏறியதும் டிராக்டர் ஓடக்கூடிய சமவெளிக்குச் சாகுபடி இறங்கியது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது, எரு குறைந்தது, உழுத மணல் மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று.

இதை 2013இன் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. விலை 2000களின் நடுவிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் சைவ உணவுக்கு மாறியவர்களும் அதை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஐநா ஆண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் தள்ளிய நேரம் சரியில்லை. பெருவில் மலையில் மட்டும் விளைந்துகொண்டிருந்த பயிர், பாசன வசதியுள்ள கடலோர வயலுக்கு இறங்கியது. அந்நாட்டு உற்பத்தி 2013இல் சுமார் 52 ஆயிரம் டன், 2014இல் சுமார் 1.14 லட்சம் டன். ஒரே ஆண்டில் இரட்டிப்பு. கடலோரத்து வெப்பத்தில் பூச்சியும் பூஞ்சணமும் அதிகம் என்பதால் மருந்து அடித்தார்கள். மருந்து எச்சம் இருக்கிறதென்று அமெரிக்கா சில சரக்குகளைத் திருப்பி அனுப்பியது. 2014இல் உச்சத்தில் இருந்த ஏற்றுமதி விலை 2016க்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மலையில் இருந்தவரிடம் கினோவாவை விட்டால் போட வேறு பயிர் அதிகம் இல்லை. கடலோரக்காரர் அடுத்த பருவம் வேறு பயிருக்குப் போய்விடலாம். யாரைப் பெருமைப்படுத்த அந்த ஆண்டு கொண்டாடப்பட்டதோ, இறங்கிய விலை அவர்கள் தோளில்தான் விழுந்தது.

இதில் மறுபக்கமும் உண்டு. "மேல்நாட்டார் தின்பதால் ஆண்டிஸ் ஏழைக்குக் கினோவா எட்டாமல் போனது" என்று 2013 வாக்கில் பத்திரிகைகளில் பலமாக எழுதினார்கள். பெருவின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. விலை ஏறிய காலத்தில் அந்த வட்டாரக் குடும்பங்களின் நிலை மோசமாகவில்லை, சற்று மேம்படவே செய்திருந்தது. எனவே விலையேற்றம் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். வந்த வேகமும் போன வேகமும்தான் கெடுதல்.

பருப்புக்கு வருவோம். 2016 பருப்பு ஆண்டு என்பது இந்தியாவில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியாது, ஆனால் 2015 கடைசியில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது எல்லா வீட்டிலும் நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்துத்தான் கர்நாடகத்துக் கலபுரகியிலும் மகாராஷ்டிரத்து லாத்தூரிலும் விவசாயிகள் துவரை போட்டார்கள். மழையும் கை கொடுத்தது. நாட்டின் பருப்பு உற்பத்தி 2015-16இல் சுமார் 163 லட்சம் டன், 2016-17இல் சுமார் 231 லட்சம் டன். அதே நேரத்தில் அரசு வெளிநாட்டிலிருந்தும் இறக்கியது. ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்குடன் ஒப்பந்தம் போட்டது. துவரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை, ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டால் 5,050 ரூபாய். அறுவடைக்குப் பின் சந்தை விலை அதற்கும் கீழே போனது. அரசு நிறுவனங்கள் லட்சக்கணக்கான டன் வாங்கியும் தாக்குப்பிடிக்கவில்லை. 2017 ஆகஸ்டில்தான் துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு வந்தது, அதற்குள் விளைந்தது விற்று முடிந்திருந்தது.

இங்கே ஐநா ஆண்டு என்ன செய்தது? நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் சொல்வேன். ஏற்றியதும் இறக்கியதும் மழையும் இறக்குமதிக் கொள்கையும். உலக அளவில் மிஞ்சியது பிப்ரவரி 10 என்ற பருப்பு நாள். பள்ளிகளில் சுவரொட்டி வரைய உதவும்.

2004 அரிசி ஆண்டு யாருக்காவது நினைவிருக்கிறதா? அதற்கு முன் 1966இலும் அரிசிக்கு ஓர் ஆண்டு கொண்டாடப்பட்டது. அதே 1966இல்தான் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதிக விளைச்சல் தரும் ஐஆர்8 நெல் ரகத்தை வெளியிட்டது. ஆசியாவின் வயல்களை மாற்றியது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, 2023. இதை விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் நிஜமான லாபமும் இருக்கிறது.

1960களில் இந்தியாவில் சிறுதானியம் மூன்றரைக் கோடி ஹெக்டேருக்கு மேல் விளைந்தது. இன்று ஒன்றரைக் கோடிக்கும் கீழ். காரணம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லாதது அல்ல. ரேஷனில் அரிசியும் கோதுமையும் வந்தன, அவற்றை அரசு விலை வைத்து வாங்கியது, பாசனமும் மானியமும் அவற்றுக்கே போயின. ஐம்பது ஆண்டு கொள்முதல் கொள்கை தள்ளிவைத்த தானியத்தை ஓராண்டு விழா மீட்டுவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எண்ணிக்கையும் அதையே சொல்கிறது. சிறுதானிய உற்பத்தி 2022-23இல் சுமார் 173 லட்சம் டன், 2023-24இல் சுமார் 175 லட்சம் டன். ஜி20 விருந்தில் பரிமாறியாயிற்று, தபால்தலையும் நினைவு நாணயமும் வெளியிட்டாயிற்று, வயலில் பெரிய அசைவு இல்லை.

ஒன்பது தானியங்களை ஒரே பெயரில் கட்டியதுதான் இந்த ஆண்டின் பெரிய குறை என்பது என் கருத்து. கேழ்வரகும் சாமையும் ஒரே மேடையில் நின்றாலும் ஆலையில் நிற்கும்போது அவை வேறு வேறு. கேழ்வரகுக்கு ஒட்டிய உமி கிடையாது. அடித்துத் தூற்றினால் தானியம், எந்தத் தெரு மாவு மில்லிலும் அரைத்துக்கொள்ளலாம். கம்பும் சோளமும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் கம்பு மாவு அரைத்த சில நாட்களிலேயே காறல் வாடை அடிக்கத் தொடங்கும் என்பதால் பாக்கெட்டில் அடைத்துக் கடையில் வைக்க முடிவதில்லை. சாமை, திணை, வரகு, குதிரைவாலிக்கு உமி இருக்கிறது. உமியோடு இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடாது, உமி போனால் சீக்கிரம் பூச்சி விழும். நெல் மில்லில் போட முடியாது, தனி இயந்திரம் வேண்டும். சாமைக்குச் சரிசெய்த இயந்திரத்தில் வரகைப் போட்டால் பாதி உமியோடு வரும், அல்லது நொய்யாகிவிடும். தானியத்தின் அளவிலேயே மண்ணும் பொடிக்கல்லும் இருப்பதால் கல் நீக்குவது தனி வேலை. ஆண்கள் விழா மேடையில் பாரம்பரியம் பேசுகிற இந்தத் தானியங்களை, மலைக்கிராமங்களில் பெண்கள் உரலில் மணிக்கணக்கில் குத்தித்தான் சோறாக்கினார்கள். ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையைச் சாய்த்து வைத்ததற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோ சாமையை அரைத்தால் அறுபது கிலோவைச் சுற்றித்தான் அரிசி தேறும். உமியோடு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரிசியின் அடக்கமே 50 ரூபாய். அதன்மேல் அரவைக் கூலி, கல் நீக்கம், நொய்க் கழிவு, வண்டிக் கூலி, பாக்கெட், கடைக்காரர் பங்கு. நகரத்துக் கடையில் நூறு ரூபாயைத் தாண்டி நிற்பதில் வியப்பில்லை. அதற்கு நடுத்தரக் குடும்பம் சர்க்கரை நோய்க்குப் பயந்து வாங்கும். விளைவித்த மலைவாசி ரேஷன் அரிசிதான் சாப்பிடுவார். ஒடிசா, சத்தீஸ்கர் மலைகளில் விளைந்தது நாசிக் ஆலைகளுக்குப் போய் உமி நீங்கி நாடெங்கும் திரும்புகிற வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஜவ்வாது மலையிலோ கொல்லி மலையிலோ ஓர் ஆலை ஓடினால் அந்த இடைப் பணத்தில் ஒரு பங்காவது அங்கேயே தங்கும். அதற்குத் தேவை மும்முனை மின்சாரமும், இயந்திரம் பழுதானால் சரிசெய்ய ஆளும். செல்ஃபி எடுக்க ஒரு வளைவு தேவையில்லை.

ஆதரவு விலையையும் பார்ப்போம். மத்திய அரசு அறிவிப்பது சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்குத்தான். சாமைக்கும் திணைக்கும் அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. அறிவித்த இடத்திலும் வாங்கினால்தான் விலை. கம்பு அதிகம் விளையும் ராஜஸ்தானில் 2023இலும் அரசுக் கொள்முதல் ஏறக்குறைய இல்லை என்ற நிலைதான்.

அப்படியென்றால் லாபம் எங்கே? ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தவர்கள் கையில் இருக்கிறது. ஒடிசா 2017இலேயே சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கிவிட்டது. பழங்குடி மாவட்டங்களில் சில ஒன்றியங்களை எடுத்து, மகளிர் குழுக்களையும் தொண்டு நிறுவனங்களையும் சேர்த்து, விதை, அரவை, கொள்முதல், அங்கன்வாடியில் கேழ்வரகு லட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார்கள். அதன்பிறகுதான் நவம்பர் 10ஐத் தங்கள் கேழ்வரகு நாளாக வைத்துக்கொண்டார்கள். வேலை முதலில், விழா பிறகு. 2023 வந்தபோது அவர்களிடம் காட்டுவதற்குச் சரக்கு இருந்தது, பிற மாநிலங்கள் பார்த்துப் படிக்க ஒரு முன்மாதிரி இருந்தது. கர்நாடகம் ரேஷனுக்காகக் கேழ்வரகு வாங்குவது அதற்கும் முந்தைய கதை.

தமிழ்நாட்டில் 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் சோதனை முயற்சி தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் அரசே நேரடியாகக் கொள்முதல் செய்தது. கோப்பு நகர அந்த ஆண்டு உதவியிருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். துறைச் செயலர் மேசையில் பத்து முன்மொழிவுகள் இருக்கும்போது, பிரதமர் பேசிய தலைப்பில் இருப்பது முதலில் கையெழுத்தாகும். இப்படித்தான் நிர்வாகம் ஓடுகிறது. கேழ்வரகு ஆதரவு விலை 2022-23இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய், 2025-26க்கு 4,886 ரூபாய். குறைந்தது எழுபது சதவீதம் சிறுதானியம் உள்ள மாவுக் கலவைக்கு 2023 அக்டோபரில் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து இறங்கியது, பாக்கெட்டுக்கு 5, உதிரியாக விற்றால் இல்லை. சின்ன மாவு மில் நடத்தும் மகளிர் குழுவுக்கு இது கையில் நிற்கும் காசு. முதல் எழுபது பங்கு எது என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் நமக்கு வரவேண்டும். முன்பக்கம் கம்பங்கதிர் படமும் பின்பக்கம் மைதாவும் சர்க்கரையுமாக வரும் பிஸ்கட்டுகள் அந்த ஆண்டு பெருகியதும் உண்மைதான்.

தேயிலையைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் விட முடியவில்லை. 2005 முதல் டிசம்பர் 15ஐத் தேயிலை நாளாகத் தொழிற்சங்கங்களும் சிறு விவசாயிகளும் கடைப்பிடித்து வந்தார்கள். கூலி, குடியிருப்பு, பச்சைக் கொழுந்தின் விலை, இவைதான் அன்றைய பேச்சு. பிறகு இந்தியாவின் முன்மொழிவில் ஐநா 2019இல் அறிவித்தது மே 21ஐ. பல நாடுகளில் நல்ல தேயிலைப் பருவம் மே மாதத்தில் தொடங்குகிறது என்பது காரணம். நாள் மாறியதோடு பேச்சும் மாறியது. இப்போது மே 21இல் நீங்கள் அதிகம் பார்ப்பது வகை வகையான கோப்பைகளும் உடல்நலக் குறிப்புகளும். இலங்கை மலையகத்தில் ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்கான போராட்டம் பல ஆண்டு இழுத்து 2021இல்தான் வர்த்தமானியில், அதாவது அந்நாட்டு அரசிதழில் வந்தது. எந்தத் தேயிலை நாளும் அதைக் கொண்டுவரவில்லை. ஒரு பயிருக்கு நாள் வைக்கும்போது பயிரைப் பறிக்கிற கை படத்திலிருந்து நழுவுவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இதேபோல வரும் செப்டம்பர் 2 தென்னை நாளை நம் தென்னை விவசாயிகள் வேறு விதமாகப் பயன்படுத்தலாம், ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்ற அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை அன்றைக்குப் பேசத் தகுந்ததுதான்.

இனி பனை. கேட்கலாம், வழி இருக்கிறது. மத்திய அரசு ஐநாவின் உணவு வேளாண் அமைப்பில் முன்மொழிய வேண்டும், அங்கே ஏற்றால் ஐநா பொதுச்சபைக்குப் போகும். கூட்டாளி கிடைப்பதும் கடினமில்லை. இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது, கம்போடியாவிலும் இந்தோனேசியாவிலும் பனை வெல்லம் காய்ச்சுகிறார்கள், ஆப்பிரிக்காவில் அதன் உறவு மரம் நிற்கிறது. பேரீச்சைக்கு 2027 என்று ஏற்கெனவே அறிவித்துவிட்டார்கள், பனைக்குக் கிடையாது என்று சொல்ல நியாயமில்லை.

ஆனால் இன்றைக்குக் கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பனை நம் மாநில மரம், அதன் பெருமை தெரியாத தமிழர் இல்லை. குறைவது பெருமை அல்ல, ஏறுகிற ஆள். பருவத்தில் ஒரு பனையேறி ஒவ்வொரு மரத்துக்கும் காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்க வேண்டும். விழுந்தால் வாழ்க்கை முடிந்தது. மகனை யாரும் இதற்கு அனுப்புவதில்லை. 1987 முதல் கள்ளுக்குத் தடை, பதநீர் ஒரு நாள்கூடத் தாங்காது, ஆக மிஞ்சுவது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டி அதைவிட மலிவாக அதே பெயரில் விற்கிறது. 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் நடவும் மரம் வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள், நல்லது. ஆனால் பனை பாளை விட எப்படியும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும்.

இந்த நிலையில் உலகமே கருப்பட்டி கேட்டால் என்ன வரும்? கலப்படக் கருப்பட்டிதான் வரும், கினோவாவுக்குக் கடலோர வயல் வந்ததுபோல. முதலில் பனையேறிக்குக் காப்பீடு, ஏறும் கருவி, கலப்படத்தைப் பிடிக்க மாவட்டத்துக்கு ஒரு சோதனைக்கூடம், ரேஷன் கடையில் கருப்பட்டி விற்கும் திட்டத்துக்கு எழுத்தில் ஒரு கொள்முதல் விலை. இவை ஐந்து ஆண்டு ஓடட்டும். அதன்பிறகு டெல்லிக்கு மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.